நாற்காலியில ஒரு குத்தமும் இல்லீங்ணா

அதை முதல்லயே சொல்லிப்போடறேன். காலு ஆடலை, சக்கரம் கழண்டு வரலை, மெத்தை அமுங்கலை. நீங்க என்ன சொல்லிக் குடுத்தீங்களோ அப்படியே இருக்குது. ஏத்தினா ஏறுது, இறக்கினா இறங்குது. வண்டியில வரும்போது கீறல் விழுந்தரக் கூடாதுன்னு கோணிச்சாக்கு சுத்திக் கொண்டாந்திருக்கேன் பாருங்க. ஆனா இது எங்கூட்டுல இருக்கக் கூடாதுங்ணா. இதை எடுத்துட்டு, நாலு காலுல சும்மா நிக்கற மாதிரி மர நாற்காலி ஒண்ணு குடுங்க, போதும்.

ஏன்னு கேக்கறீங்க. கேக்கத்தானே செய்வீங்க. நல்ல பொருளைத் திருப்பிக் கொண்டாந்தா எவனுக்கும் சந்தேகம் வரும். சித்த உக்காருங்க, சொல்றேன். எங்கூட்டுக்காரிக்கு மத்தியானத்துக்கு மேலதான் வேலை ஆரம்பம். இப்ப அவங்கம்மா வீட்டுக்குப் போயிருக்கா. வர்றதுக்குள்ள அந்த இடத்துல வேற நாற்காலியைப் போட்டரோணும்.

நான் தங்கமுத்துங்க. அவிநாசியில மோட்டாருக்குக் காயில் கட்டற கடை வெச்சிருக்கேன். கிணத்து மோட்டார், போர் மோட்டார், தறி மோட்டார், எது கருகினாலும் எங்கிட்டத்தான் வரும். எங்கூட்டுல மிக்சி நின்னா நான், பேன் நின்னா நான். கல்யாணம் ஆனதுல இருந்து வாணி இதுக்குன்னு வெளியாளைக் கூப்பிட்டதே இல்லை. "ஏனுங், இதைச் சித்த பாருங்"னு ஒரு குரல் குடுப்பா. நான் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கிட்டுப் போவேன். அந்தக் குரலுக்கு ஒரு சொகம் இருக்குதுங்ணா. உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சில்ல? அப்பப் புரியும்.

கோகிலவாணின்னு பேரு. நான் மட்டும் வாணிம்பேன். சென்னையில ஒரு கம்பெனிக்கு வீட்டுல இருந்தே வேலை. அமெரிக்காவுல ஆஸ்பத்திரிக்குப் போறவங்களுக்கு என்ன நோவு, என்ன வைத்தியம்னு டாக்டர் எழுதினதைப் படிச்சு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கோட் நம்பர் போடோணும். அதுக்கு ரெண்டு திரை வேணும். ஒண்ணுல டாக்டர் எழுதினது, இன்னொண்ணுல நம்பர். கம்பெனியில இருந்தே லேப்டாப், பெரிய திரை, கீபோர்டு, காதுல மாட்டறது எல்லாம் அனுப்பிட்டாங்க. அப்பறம் ஒரு சின்னக் கறுப்புப் பொட்டி. டாக்குன்னு சொல்றாங்க. லேப்டாப்புல இருந்து ஒரே ஒயர் அதுக்குப் போகும். அதுல இருந்து மத்த எல்லாத்துக்கும் பிரிஞ்சு போகும். எங்க பாஷையில சொன்னா ஜங்ஷன் பாக்ஸுங்க. அதுக்குப் போயி ஆயிரம் பேச்சு.

ஒரு நாள் அந்த ரூமு வாசல்ல நின்னு பார்த்தேன். மேசை மாமனார் குடுத்தது. மத்ததெல்லாம் கம்பெனி குடுத்தது. என்ற கையால வாங்கினது ஒண்ணுமே இல்லை. அவ என்னடான்னா சாப்பாட்டு மேசை நாற்காலியில தலகாணியை முட்டுக் குடுத்து உக்காந்திருக்கா. ராத்திரியானா இடுப்பைப் புடிச்சுக்கிட்டு நடப்பா. எனக்கு மனசு கேக்கலீங்க. கல்யாண நாளுக்குச் சேலை எடுக்கலை, நேரா உங்க கடைக்கு வந்தேன். ஞாபகம் இருக்குதா? ஒவ்வொண்ணுலயும் உக்காந்து பார்த்து, உங்களைப் படாத பாடு படுத்தி எடுத்துட்டுப் போனது இதைத்தான்.

கண்ணுல தண்ணி வெச்சுக்கிட்டாளுங்க அவ. சும்மா சொல்லலை. ஏத்தி இறக்கி, ஒரு சுத்து சுத்தி, "மாமா, எனக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்குது"ன்னா. அதோட விட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அந்த வாரமே கம்பெனிக்காரன் பழைய டாக்கை வாங்கிக்கிட்டு ஒரு புது டாக் அனுப்பினான். அன்னிக்குப் புடிச்சுதுங்க கெரகம். பெரிய திரை பொக்குன்னு அணையும். ரெண்டு மூணு மூச்சு விடறதுக்குள்ள திரும்ப வரும். வந்தா என்ன, அதுல இருந்ததெல்லாம் குடுகுடுன்னு சின்னத் திரைக்கு ஓடிப் போயி ஒண்ணுமேல ஒண்ணு குமிஞ்சு கிடக்கும். இவ எல்லாத்தையும் மறுபடியும் இழுத்து இழுத்து வெக்கோணும். அந்தக் குழப்பத்துல ஒருத்தன் நோவுக்கு இன்னொருத்தன் நம்பரைப் போட்டுருவா. தப்பு கூடிக்கிட்டே போச்சு. மேனேஜரம்மா கூப்பிட்டுச் சொல்லிப்போட்டாங்க: இந்த மாசக் கடைசிக்குள்ள சரியாகலைன்னா, வீட்டுல இருந்து வேலை கிடையாது, சென்னை ஆபீசுக்கே வந்துரு, ஹாஸ்டல் பார்த்துத் தர்றோம்.

ஹாஸ்டலாம்! கல்யாணம் ஆனவளுக்கு!

நான் எதிர்பார்த்தது என்னன்னா, "ஏனுங், இதைச் சித்த பாருங்"னு அந்தக் குரல் வரும்னு. வரலீங்ணா. ரூமுக்குள்ள இருந்து, "ஹலோ ஸ்ரவண்"னு சத்தம் கேக்குது.

ஸ்ரவணுங்கறது கம்பெனியில இதையெல்லாம் சரி பண்ற பையன். பையன்னா சின்னப் பையன் இல்லை, ஆம்பளை. குரல் இருக்குது பாருங்க, வெண்ணெய். "மேடம், டாக்கோட பவரை ஆஃப் பண்ணிட்டுக் கொஞ்ச நேரம் விட்டு ஆன் பண்ணுங்க மேடம். அந்தக் கேபிளைக் கழட்டித் திருப்பி மாட்டுங்க மேடம். பர்ஃபெக்ட் மேடம்." ஒயரைக் கழட்டி மாட்டறதுல என்னங்க பர்ஃபெக்ட்? நானும் இத்தனை வருசமா ஒயரைக் கழட்டி மாட்டிக்கிட்டிருக்கேன். என்னை எவன் பர்ஃபெக்டுன்னான்?

ஒரு நாள் காப்பி குடுக்கப் போறேன். இவ மவுஸுல இருந்து கையை எடுத்துக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. திரையில அம்புக்குறி தானா ஓடுது! என்னடி இதுன்னா, "ஸ்ரவண் அங்கிருந்தே பார்க்கறாருங்"கறா. எங்கூட்டுல, எங்க ரூமுல, எங்கூட்டுக்காரி மேசையில, அவன் கையி. அது பாட்டுக்கு அங்க போகுது, இங்க போகுது, ஒண்ணைத் தொறக்குது, ஒண்ணைச் சாத்துது. காப்பியை வெச்சுட்டு வந்துட்டேன். அன்னிக்குக் கடையில ஒரு காயில் கூட ஒழுங்கா கட்டலை.

எங்கக்கா ஒருத்தி இருக்கறா, கருமத்தம்பட்டியில. அவகிட்டச் சொன்னா, "உனக்குப் பொறாமைடா"ங்கறா. ஆமா, பொறாமைதான். இல்லைங்கலை. வராம என்ன பண்ணும்?

சரி, நாமளும் ஒரு கை பார்ப்பமுன்னு எறங்கினேன். கரண்டு சாமான் காரணமில்லாம அணைஞ்சு எரியுதுன்னா எங்க தொழில்ல முதல்ல பார்க்கறது எர்த்து, வேண்டாத கரண்டை மண்ணுக்குள்ள எறக்கற கம்பி. வீட்டு எர்த்து பழசு, கம்பி துருப்புடிச்சுக் கிடக்குது. ஒரு ஞாயித்துக்கிழமை கறிவேப்பிலை மரத்தோரமா ஆளு எறங்கற ஆழத்துக்குக் குழி வெட்டினேன். நானே வெட்டினேன், ஆள் விடலை. செப்புத் தகடு எறக்கி, கரியும் உப்பும் மாத்தி மாத்திப் போட்டு, தண்ணி ஊத்தி, ரூமு வரைக்கும் புது ஒயர் இழுத்து மீட்டர் வெச்சுப் பார்த்தேன். அப்படி ஒரு எர்த்து எங்க தெருவுலயே கிடையாது. கையெல்லாம் கொப்புளம். வாணி வந்து பார்த்து, எண்ணெய் போட்டு விட்டா. "இனி சரியாயிருமுங்"ன்னா. அன்னிக்குத்தான் நல்லாத் தூங்கினேன்.

மறுநாள் பெரிய திரை மூணு வாட்டி அணைஞ்சுது.

சிரிக்காதீங்ணா. கல்லாவுல இருக்கற உங்க முதலாளி சிரிச்சாலும் பரவால்லை, நீங்க சிரிக்காதீங்க.

அப்பறம் அந்த ஸ்ரவண் ஒரு கேள்வி கேட்டான். ஸ்பீக்கர்ல போட்டிருந்தா, எனக்கும் கேட்டுச்சு. "கோகிலா, கரெக்டா எப்பெப்போ போகுதுன்னு ஏதாவது கவனிச்சீங்களா?"

மேடம் எங்கீங்க போச்சு? கோகிலாவாம்! அவங்கப்பாவே கோகிலவாணின்னு முழுப்பேரும் சொல்லித்தான் கூப்பிடுவாரு. இவன் பாதியை நறுக்கி வீசிட்டான். சரி, அதை விடுங்க. இவ என்ன சொன்னா தெரியுங்களா? யோசிச்சு யோசிச்சு, "எங்க வீட்டுக்காரர் சாப்பிடக் கூப்பிடறப்பெல்லாம் போகுதுங்க"ன்னா.

அவன் சிரிச்சான். இவளும் சிரிச்சா.

நான் என்ன பேயா, பிசாசா? என்னைப் பார்த்து எதுக்குத் திரை அணையோணும்? மூஞ்சி சுண்டிப்போச்சுங்க எனக்கு. அன்னில இருந்து கூப்பிடறதையே நிறுத்திட்டேன். ரோசம். தட்டுல சோத்தைப் போட்டு, பூனை மாதிரி போயி மேசையில வெச்சுட்டு வந்துருவேன். தண்ணியும் அப்படித்தான். அவ எந்திரிக்க வேண்டிய வேலையே இல்லை. என்ன ஆச்சுன்னு நெனைக்கறீங்க? திரை அணையவே இல்லீங்ணா! நாள் முழுக்கச் சாமி விளக்காட்டம் நின்னு எரியுது. இவ போயி அதை அவன்கிட்டச் சொல்றா: "ஸ்ரவண், அவர் கூப்பிடாம இருந்தா போகவே மாட்டேங்குது!"

எனக்கு எப்படி இருந்திருக்கும்? நீங்களே சொல்லுங்க. நான் வாயை மூடினா அவ வேலை நிலைக்கும், நான் வாயைத் தொறந்தா அவ சென்னைக்குப் போவா. போனா, அங்க எந்த சீட்டு குடுப்பாங்களோ, பக்கத்துல எவன் இருப்பானோ.

ஃபோனுங்களா? அவதான் அடிக்கறா. அடிக்கட்டும், அப்பறம் எடுத்துக்கலாம். எங்க விட்டேன்?

ஆங். அடுத்த நாள் வீடியோவுல வந்தான். அன்னிக்குத்தான் மூஞ்சியைப் பார்த்தேன். கண்ணாடி போட்டிருக்கான், தாடி வெச்சிருக்கான். பார்க்க லட்சணமாத்தான் இருக்கறான், அதையும் சொல்லிப்போடறேன். "சார், வணக்கம் சார். ஒரு ஹெல்ப் பண்ணுங்க சார். கோகிலா எந்திரிக்கட்டும், நீங்க ஒரு வாட்டி அந்த சேர்ல உக்காருங்க"ன்னான். அவ எந்திரிச்சா, திரை பொக். நான் உக்காந்தேன், பொக். எந்திரிச்சேன், பொக். அவன் அங்க கையைத் தட்டறான்! "கண்டுபுடிச்சாச்சு! டாக் இல்ல கோகிலா, சேர்தான்!"

அந்த நாற்காலிக்கு நடுவுல ஏறி இறங்கற கேஸ் குழாய் இருக்குதுல்ல, அதுல உக்காந்து எந்திரிக்கறப்ப ஸ்டேட்டிக் கரண்டு கெளம்புதாம். நைலான் பனியனைக் கழட்டறப்பக் கையில மயிரு நிக்குதே, அந்த மாதிரி. அது பக்கத்துல போற ஒயர்ல பாஞ்சு திரையை அணைச்சுப் போடுதாம். எல்லா நாற்காலியும் அப்படி இல்லையாம், எல்லாத் திரையும் அப்படி இல்லையாம். இதுக்கும் அதுக்கும் பொருத்தம் அப்படி அமைஞ்சு போச்சு. நான் கூப்பிட்டா அவ எந்திரிப்பா. எந்திரிச்சா அணையும். அவ்வளவுதான் விசயம்.

அந்த ரூமுல என்ற கையால வாங்கினது ஒண்ணே ஒண்ணு. அதுதான் குத்தவாளி. அதையும் அவன்தான் கண்டுபுடிக்கோணும். எனக்கு எப்படி இருந்துச்சுன்னா, கல்யாண மண்டபத்துல எல்லாரும் பார்க்க வேட்டி அவுந்து நின்ன மாதிரி இருந்துச்சு.

அவன் சொல்றான், "ஈசி கோகிலா. கம்பெனியில இருந்தே நல்ல சேர் ஒண்ணு அனுப்பிடறேன். இதை ஹால்ல போட்டுடுங்க." பார்த்தீங்களா எண்ணத்தை? லேப்டாப்பு அனுப்பியாச்சு, திரை அனுப்பியாச்சு, இனி உக்கார்றதும் அவன் அனுப்பினதா இருக்கோணும்.

நான் அங்கயே நிக்கறேன். வாணி என்னைத் திரும்பிக் கூடப் பார்க்கலை. "நாற்காலி வேண்டாம் ஸ்ரவண். இது இருக்கட்டும். வேற வழி பாருங்க"ன்னா. வேற வழி கஷ்டம் கோகிலாங்கறான். "கஷ்டமா இருந்தாலும் பரவால்லை, பாருங்க"ங்கறா.

அங்க புடிச்சுதுங்ணா அடுத்த கூத்து. தினமும் ஃபோனு. நாற்காலியை மாத்தியிருந்தா ஒரு நாள்ல முடிஞ்சிருக்கும் வேலை. இவ பிடிவாதத்தால நீண்டுக்கிட்டே போகுது. ஒரு கூரியர்ல தடிச்ச ஒயர் வருது. இன்னொண்ணுல கறுப்பா உருண்டை உருண்டையா வருது, ஒயர்ல மாட்டறதுக்கு. அப்பறம் ரப்பர் பாய். கூரியர்க்காரன் வந்தா இவ ஓடறா பாருங்க வாசலுக்கு, நான் வாங்கின நகைக்குக் கூட அப்படி ஓடினதில்லை. திரை அணையறது குறைஞ்சுது, நிக்கலை. மேனேஜரம்மா கூப்பிட்டுச் சத்தம் போட்டாங்க. "ஒரு நாற்காலிக்காக வேலையைக் கெடுத்துக்கறியா"ன்னு அந்தம்மா கத்தினது ஹாலு வரைக்கும் கேட்டுச்சு. மாசம் முடியப் போகுது. ஹாஸ்டலுக்குப் பொட்டி கட்ட வேண்டியதுதான்னு எங்க மாமியார் அழுகறாங்க. இவ அப்பவும் நாற்காலியை விடலை. அவன்கூடப் பேசறதையும் விடலை. என்னதான் பேசுவாங்களோ அவ்வளவு நேரம்னு ஒரு நாள் கதவோரமா நின்னு கேட்டேன். தப்புதான், கேட்டேன்.

பூராவும் நாற்காலிங்ணா! தப்பா ஏதாச்சும் பேசியிருந்தாலாவது சண்டை புடிக்க எனக்கு ஒரு பேச்சு இருந்திருக்கும். நாற்காலியை எப்படி வெச்சுக்கறதுங்கறதைப் பத்தியே பேசிப் பேசி, அவன் சலிச்சுப் போயி, "கோகிலா, அந்த சேர்ல அப்படி என்னதான் இருக்கு?"ங்கறான். இவ சிரிச்சுட்டு, "அடுத்து என்ன பண்றது, அதைச் சொல்லுங்க"ங்கறா.

கடைசியில அவன் கேட்டானாம், வீட்டுல எர்த்து நல்லா இருக்குதான்னு. நான் கடையில இருந்தேன். "எங்கூட்டு எர்த்து மாதிரி சென்னையிலயே இருக்காது, எங்கூட்டுக்காரரு குழி வெட்டிப் போட்டது"ன்னு சொல்லியிருக்கறா. அப்படின்னா நாற்காலிக்கு அடியில இருக்கற இரும்புத் தகட்டுல ஒரு ஒயரைக் கட்டி அந்த எர்த்துல சேத்துருங்கன்னானாம். எனக்கு ஒரு ஃபோனு போட்டிருக்கலாமில்ல? போடலை. அவளே கட்டிப்போட்டா. நான் சாயங்காலம் வந்தா, திரை நின்னு எரியுது. உக்கார்றா, எந்திரிக்கறா, உக்கார்றா, எந்திரிக்கறா, சின்னப் புள்ளை மாதிரி குதிக்கறா. "மாமா, போகலை பாருங்! போகலை பாருங்!" மேனேஜரம்மாவும் சரின்னுட்டாங்க. சென்னை இல்லை, ஹாஸ்டல் இல்லை.

நான் குனிஞ்சு பார்த்தேன். சிவப்பு ஒயரு.

எர்த்துக்குச் சிவப்பைக் கட்டறதாங்க? எர்த்துன்னா பச்சை, சிவப்பு கரண்டு ஓடற ஒயருக்கு. நாளைக்கு வேறொருத்தன் கையை வெச்சா என்ன ஆகறது? எந்தக் கலர் ஒயருன்னு அவனும் சொல்லலை, இவளும் கேக்கலை. என்ற எர்த்து, என்ற நாற்காலி, நடுவுல அவன் யோசனை சிவப்பா ஓடுது. தெனமும் ரூமுக்குள்ள போனா கண்ணு அங்கதான் போகுது. அதான் இன்னிக்கு ஒயரை அவுத்துப் போட்டு, நாற்காலியைத் தூக்கி வண்டியில வெச்சுட்டேன். மர நாற்காலின்னா குழாயும் இல்லை, ஸ்டேட்டிக்கும் இல்லை, அவனும் இல்லை.

என்னங்க கேட்டீங்க? ஏன் எங்கூட்டுக்காரி கம்பெனி நாற்காலியை வாங்கிக்கலைன்னா? அதுதான் சொல்றனே, பிடிவாதம். அவ சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். இடுப்புக்கு இதுதான் சொகமோ என்னமோ. கம்பெனியில குடுக்கறது இதை விட நல்லாத்தான் இருந்திருக்கும், படமெல்லாம் காமிச்சான். ஆனா அவ இது நான்... கல்யாண நாளுக்கு...

இருங்க, மறுபடியும் அடிக்கறா. இதை எடுத்துட்டே வந்தர்றேன்.

ஹலோ. ம். திருப்பூர்லதான். எந்தக் கடையா... நாற்காலிக் கடை. ஆமா, நான்தான் எடுத்துட்டு வந்தேன். இல்லடி, வேற நல்லதா ஒண்ணு... நீ சாப்பாட்டு மேசை நாற்காலியை எடுத்துப் போட்டு உக்காரு, நான் இப்ப... ஏன்? ... என்னது? ... வாணி, அழுகாத. ஏய், அழுகாத. வேலை ஆரம்பிச்சிருச்சுன்னு சொல்ற, அப்பறம் எப்படி நின்னுட்டே... சரி. சரிங்கறேன்ல. வர்றேன்.

...

நின்னுட்டு இருக்கறாளாமாங்ணா. லாகின் பண்ணிட்டு நின்னுட்டே வேலை செய்யறாளாமா. வேற எதுலயும் உக்கார மாட்டாளாமா. "அந்த நாற்காலியை வெச்சுக்கறதுக்கு எத்தனை பேருகிட்டச் சண்டை போட்டிருக்கேன் தெரியுமா, கடைசியில நீங்களே தூக்கிட்டுப் போயிட்டீங்களே"ங்கறா.

அந்த இடுப்போட நிக்கறாங்ணா.

விடுங்க, விடுங்க, அந்தச் சாக்கை அவுக்காதீங்க. கொஞ்சம் இந்தப் பக்கம் புடிங்க, வண்டியில ஏத்திரலாம். மர நாற்காலியெல்லாம் வேண்டாம். உங்க நேரத்தைக் கெடுத்துட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க. கயித்தை இறுக்கிக் கட்டுங்க, கீறல் விழுந்தரப் போகுது.

இங்க பக்கத்துல எலக்ட்ரிகல் கடை எங்கீங்க இருக்குது? நல்ல பச்சை ஒயர் வேணும். என்ற கடையில இருக்குது, ஆனா அங்க போயி எடுத்துட்டுப் போறதுக்குள்ள அவ கால் கடுத்துப் போகும். போனதும் அந்தச் சிவப்பை வீசிட்டுப் பச்சையை நான் கட்டறேன், முறையா, போல்ட்டு போட்டு. அப்பறம் அவனுக்கு ஒரு ஃபோனு போடச் சொல்லோணும். எங்க வீட்டுக்காரர் சரியா மாத்திக் கட்டிட்டாரு, இனி நீங்க கூப்பிட வேண்டியதில்லைன்னு அவ வாயாலயே சொல்லோணும். ஸ்பீக்கர்ல போட்டு. நான் பக்கத்துல நிக்கறப்ப.